பாசி எடுக்கும் பெண்களுக்குப் பாம்பனில் ஒரு கூடம் வேண்டும்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஜப்பானின் மியே மாநிலத்தில் படிக்கிறேன். மன்னார் வளைகுடாவில் மூச்சுப் பிடித்து முங்கிப் பாசி எடுக்கும் நம் பெண்களின் தொழிலையும் அறிவையும் காட்டும் கூடம் ஒன்றைப் பாம்பனிலோ மண்டபத்திலோ அமைத்துத் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

மியே கடற்கரையில் டோபா, ஷிமா என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அங்கே ‘அமா’ எனப்படும் பெண்கள் ஆக்சிஜன் உருளை இல்லாமல் முங்கி, அபலோன் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள். பலரும் நம் அப்பத்தா வயதுக்காரர்கள். 10.6 சென்டிமீட்டருக்குக் குறைவான அபலோன் கையில் வந்தால் அதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. கரையேறியதும் குளிர்காய அவர்களுக்கென்று குடில் உண்டு. நடுவில் கரி நெருப்பு எரியும். அப்படி ஒரு குடிலில் உட்கார்ந்து, ஓட்டோடு சுட்ட சிப்பியைச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி தன் தலைத்துணியைக் காட்டினார். அதில் நூலால் ஒரு நட்சத்திரமும், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்களும் தைத்திருந்தார்கள். நட்சத்திரத்தை ஒரே இழுப்பில், தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியும்படி போடுகிறார்கள். போனவள் பத்திரமாக மேலே திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் அது. முங்குகிற பெண்களின் பயத்தை நானும் அறிவேன். என் சித்தி பாசிக்குப் போகிறவர்.

அந்தக் கடலோரக் கடைகளில் ‘தொகோரோதென்’ என்று ஒரு பண்டம் கிடைக்கிறது. அமா பெண்கள் எடுக்கும் ஒரு வகைச் செம்பாசியைக் காய்ச்சி உறைய வைத்துக் கட்டியாக வெட்டுகிறார்கள். அதை நீண்ட மரப்பெட்டிக்குள் வைத்து, பின்னாலிருந்து கட்டையால் தள்ளினால், முன்பக்கத்துக் கம்பி வலை வழியாக இடியாப்பம் போல இழை இழையாக விழுகிறது. புளிக்காடியும் சோயாச் சாறும் ஊற்றிக் கொடுத்தார்கள். எந்த ஊர்க் கடலில் எடுத்த பாசி என்பதைக் கடைக்காரர் பெருமையோடு சொன்னார்.

நம் மரிக்கொழுந்துப் பாசி அதற்கு நெருங்கிய உறவு. அதுவும் மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய், காய்ச்சினால் உறையும் அகர் என்ற பொருளாகிறது. கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கும் நேரத்தில் அந்த அகரோடு பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் ‘கடல்பாசி’ என்ற இனிப்பை விரும்பாதவர் உண்டா? ஆனால் அது இன்ன கரையில், இன்ன பெண்ணின் கையால் வந்தது என்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. இதுதான் என் மனத்தை அறுக்கிறது.

டோபா, ஷிமா பெண்களின் முங்கும் கலையை ஜப்பான் அரசு 2017-இல் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. டோபாவில் 1971 முதல் கடல் அருங்காட்சியகம் ஒன்று நடக்கிறது. உளி, மிதவை, கூடை, பழைய மரப்படகுகள் என்று எல்லாவற்றையும் அங்கே பாதுகாக்கிறார்கள். பயணிகளுக்காக வெள்ளை உடுத்தி முங்கிக் காட்டும் நிகழ்ச்சியும் அந்த ஊரில் உண்டு. அது எனக்கு ஒட்டவில்லை. நம் பெண்களை அப்படி வேடிக்கைப் பொருளாக நிறுத்திவிடக் கூடாது.

காட்டுவதற்கு நம்மிடம் குறைவா? பவளப்பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றும் துணி, முகக்கண்ணாடி, காலில் கட்டும் தட்டு, இடுப்புப் பை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மட்டுமே போவது, வேரோடு பிடுங்காமல் கையால் கிள்ளி எடுப்பது என்று தாங்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. எந்தப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்), எந்த நீரோட்டத்தில் கிடைக்கும் என்ற கணக்கு. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண் ஒருவர் 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்காவின் கலிபோர்னியா அமைப்பான சீகாலஜியின் விருதைப் பெற்றார். கலிபோர்னியாவுக்குத் தெரிந்தது இராமேசுவரம் போகிற வழியில் பாம்பனைக் கடக்கும் யாத்திரிகருக்குத் தெரியவில்லை.

பாசி கிடைக்கும் மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. ஆகவே இந்தப் பெண்களின் பெயர் அரசுத் தாளில் வரும்போதெல்லாம் தடை, அபராதம் என்ற சொற்களோடுதான் வருகிறது. கடலைக் காப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கடலைத் தலைமுறைகளாகத் தொட்டு அறிந்தவர்களைக் காவலுக்குத் துணையாகக் கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெரிய கட்டடம் வேண்டாம். பயன்படாமல் கிடக்கும் ஓர் அரசுக் கட்டடம் போதும். என்ன வைப்பது, எப்படிச் சொல்வது என்பதைப் பாசிப் பெண்களே முடிவு செய்யட்டும். வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையும் அவர்களுக்கே, கூலியோடு. அங்கேயே கடல்பாசி செய்து, ஊர்ப்பெயர் எழுதி விற்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்தாக வேண்டும். கட்டடத்துக்குக் காத்திருக்கலாம், எழுபது வயதுக்காரருக்குக் காத்திருக்க முடியாது.

ஆகஸ்டில் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன். பதிவு செய்யும் வேலையைச் சம்பளமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறேன். சின்னப்பாலத்துப் பெண்களுடன் தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் மாணவி ஒருத்தி,
மியே, ஜப்பான்