கீரை ஆயும் வேலையை ஏன் பிடுங்கினோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படிப்பவன் நான். புகையிலையை விடுங்கள், பரிசோதனைக்குப் போங்கள், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்று எழுதுகிறீர்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் கண்டுபிடிக்கும்போதே முற்றிவிட்டவர்களும் பேப்பர் படிக்கிறார்கள். சென்ற வாரம் என் மனைவி அப்படியொரு கட்டுரையைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, "இது மற்றவர்களுக்கு" என்றாள்.

அவளுக்கு வயது 61. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியது தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இனி முழுக்கக் குணமாகாது; மாத்திரைகளோடு இருக்கிறாள். ‘இருக்கிறாள்’ என்பதை அழுத்தியே சொல்கிறேன். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்க வந்தது போல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் முள்சீதா இலைக் கஷாயத்துக்குச் செய்முறை சொல்கிறார்கள். கேட்டுக்கொள்கிறோம், காய்ச்சுவதில்லை.

பிறரைச் சொல்வானேன், முதல் தவறு எங்களுடையது. பரிசோதனை முடிவு வந்த அன்று நானும் மகனும் கூடிப் பேசி, அவளிடம் ‘கட்டி’ என்று மட்டும் சொல்வதாக முடிவெடுத்தோம். கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் இருக்கும் பலகையைப் படிக்கத் தெரியாதவளா அவள்? ஒரு நாள் இரவு, "என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்கள்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதைவிடப் பெரிய தவறு, பாசத்தின் பெயரால் வீட்டு வேலைகள் அத்தனையையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. காப்பி கட்டிலுக்குப் போயிற்று. முருங்கைக்கீரை ஆயக்கூட விடவில்லை. படுத்தே கிடந்ததில் அசதி கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த நோயின் அசதி தூங்கி எழுந்தால் போகிற அசதி அல்ல. மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நடமாடினால்தான் சற்று இறங்குகிறது.

இதை எங்களுக்கு விளக்கியவர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர். வலியையும் அவதியையும் குறைத்து, நோயோடு வாழ உதவுவதுதான் அந்தச் சிகிச்சை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டத்தைச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதாகத்தான் பலரும் அறிவார்கள். அவர் வந்ததும் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு நாளில் நீங்கள் விட்டுக்கொடுக்க விரும்பாத வேலை எதும்மா?" என்று அவளிடம் கேட்டார். கீரை ஆய்வது, சாயங்காலம் தெருமுனை வரை போய்வருவது என்றாள். எலும்பு பலவீனமாக இருப்பதால் குடம் தூக்கக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. மற்றவை உட்கார்ந்து செய்யலாம் என்றார். அன்று முதல் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. வெளியே போகிற நாளில் தலைக்குக் குளிப்பதில்லை. அஞ்சலகச் சேமிப்புப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது: இருப்பைப் பார்த்துத்தானே எடுக்க வேண்டும்! வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பது, மூச்சு வாங்கும்போது மேசை விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வது, நான்கு வாய் போதுமென்றால் ஐந்தாவது வாய்க்கு வற்புறுத்தாமல் இருப்பது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தவை. கடைசியானது எனக்கு.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை என்றதும் என் மைத்துனர், "கடைசிக் கட்டத்தில் கொடுப்பதல்லவா, அடிமையாக்கிவிடுமே" என்று பதறினார். மருத்துவர் மேற்பார்வையில் வலிக்கு ஏற்ற அளவில் சாப்பிடுகிறவர்கள் அடிமையாவது அரிது. வலி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்து. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் முதல் நாளே மருந்து எழுதினார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவள் தன் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறாள். "இன்று மூன்றுதான். வலி ஃபெயில்" என்று சிரிப்பாள்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் மார்ஃபினை வைத்திருக்கவே மருத்துவமனைகள் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிதாக்கினார்கள். ஆனாலும் அந்த மாத்திரைக்காக நாங்கள் இரண்டு ஊர் அலைந்தோம். முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கோப்பைக் கையில் கொடுத்தார்களே தவிர, ஆதரவு சிகிச்சை என்று ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை. 2010-இல் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. நோய் தெரிந்த கையோடு இச்சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். அப்படியிருக்க, நம் ஊரில் ஏன் இதைக் கைவிரித்த பிறகு தேடிப் போக வேண்டிய இடமாக வைத்திருக்கிறோம்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில், உபன்யாசத்துக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவில், நம் மாவட்ட அரசு மருத்துவமனையில் நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு எந்தக் கிழமை, எந்த அறையில் இயங்குகிறது என்று இரண்டு வரி போடுங்கள். அறை எண்ணைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.