வீடு இரண்டாவது வகுப்பறை ஆக வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அதன் பாடத்திட்டத்தைத் தெளிவாகவே விளக்கியிருந்தது. பள்ளி விட்டபின் பிள்ளை எப்படிப்பட்ட வீட்டுக்குத் திரும்புகிறது என்பது பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

இக்கல்வி அடித்தளமாகக் கொள்ளும் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற மூன்று படிகளும் இடைக்கால ஐரோப்பாவின் பழைய சொத்து. அவற்றைப் பிள்ளைகள் வளரும் பருவங்களோடு பொருத்திக் காட்டியது, 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆற்றிய உரை. முதலில் கிளிப்பிள்ளையைப் போல் மனப்பாடம் செய்யும் வயது, அடுத்து எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசும் வயது, பிறகு தன் மனத்திலுள்ளதைத் தன் சொல்லில் சொல்லத் துடிக்கும் வயது என்று அவர் வகுத்தார்.

இதில் நடுப்பருவத்தில்தான் வீடும் பள்ளியும் முட்டிக்கொள்கின்றன. வகுப்பில் ஒரு வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தால் ஆசிரியர் தட்டிக்கொடுக்கிறார். அதே பிள்ளை இரவுச் சாப்பாட்டின்போது, "அண்ணனுக்கு இந்த வயதில் அனுமதி கொடுத்தீர்களே, எனக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்டுவிட்டால், "எதிர்த்துப் பேசாதே" என்று அதட்டி வாயை அடைத்துவிடுகிறோம். பணம் கட்டிக் கற்கவைக்கும் தர்க்கத்தைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டு வா என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. பிள்ளையின் பேச்சில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்வதும், இல்லாதபோது எங்கே பிசகு என்று பொறுமையாக எடுத்துக்காட்டுவதும், மரியாதை தவறியிருந்தால் அதை மட்டும் தனியே கண்டிப்பதும் பெற்றோரின் பொறுப்பு. எந்தப் பள்ளியும் இதை நமக்காகச் செய்து தர முடியாது.

ஆர்வம் மிகுந்த பெற்றோர் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். லத்தீன் இலக்கண வாய்பாடு, மனப்பாட வசனம், அதற்கொரு கால அட்டவணை என மாலைப் பொழுதையும் பாடவேளையாக்கிவிடுகிறார்கள். குடும்ப ஜெபம்கூட வாய்மொழித் தேர்வாகிவிடும் வீடுகள் உண்டு. எந்தப் பாரம்பரியத்தின் பெயரால் இதைச் செய்கிறோமோ அந்தப் பாரம்பரியம் இப்படிச் சொல்லவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி 4ஆம் நூற்றாண்டின் திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் எழுதியதை எடுத்துக்கொள்வோம். பைபிளில் வரும் காயீன், ஆபேல் என்ற சகோதரர்களின் கதையை மாலைச் சாப்பாட்டின்போது மகனுக்குச் சுவையாகச் சொல்லுங்கள் என்கிறார் அவர். வேறொரு மாலையில் அதையே அவனைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். தாயும் உடனிருந்து கேட்க வேண்டும். பிறகு ஆலயத்தில் அந்தப் பகுதி வாசிக்கப்படும்போது, மற்றவர்களுக்குத் தெரியாதது தனக்கு முன்பே தெரியும் என்று பிள்ளை துள்ளி மகிழும் என்கிறார். மனப்பாடம் என்ற முதற்படி இதில் முழுமையாக இருக்கிறது, பாடம் என்ற வாடை மட்டும் இல்லை.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேத்தா என்ற தாய்க்குக் கடிதம் எழுதிய ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர், எழுத்துகளை மரத்திலோ தந்தத்திலோ செய்து சிறுமியின் கையில் விளையாடக் கொடுக்கச் சொன்னார். படிப்பின்மேல் சிறுவயதில் வெறுப்பு வந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. அதற்கெல்லாம் முந்தைய, பைபிளின் உபாகமம் என்ற நூலின் 6ஆம் அதிகாரமும், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் கடவுளின் கட்டளைகளைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. அந்த நான்கு வேளைகளில் ஒன்றுகூடப் பாடவேளை இல்லை.

ஆகவே வீட்டை வளப்படுத்தப் புதிய பாடநூல்கள் தேவையில்லை. பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கியதுமே நாம் அதற்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உரக்க வாசிக்கப்படும் நல்ல கதைக்குக் காதுகொடுக்கும். குரல் எப்படியிருந்தாலும் சேர்ந்து பாடலாம். பெற்றோரே ஒரு புத்தகத்தை விரும்பி வாசிப்பது பிள்ளையின் கண்ணில் பட வேண்டும். (கைப்பேசியில் வாசிப்பது பிள்ளைக்கு வாசிப்பாகத் தெரிவதில்லை.)

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். குடும்பமே முதல் பள்ளி என்று விழா மேடைகளில் முழங்கும் நிர்வாகங்கள், மாலையை விழுங்கிவிடும் வீட்டுப்பாடத்தை முதலில் குறைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று எதையும் கொடுத்தனுப்பாமல் இருக்கட்டும். அடுத்த முறை இக்கல்வி குறித்துக் கட்டுரை வெளியிடும்போது, பள்ளி முதல்வர்களிடம் இதைக் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளை இம்முறையில் படிக்கவைக்கும் ஒரு வாசகர்