திருவிருந்துக்கு முன் ஒரு வார்த்தை

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் திருவிருந்து உண்டு; இயேசுவின் மரணத்தை நினைவுகூர்ந்து அப்பத்திலும் பாத்திரத்திலும் பங்குபெறும் பந்தி அது. ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகள் எல்லாரும், வேறு சபையிலிருந்து வரும் விருந்தினர் உட்பட, பங்குபெறலாம். மற்றவர்கள் அமர்ந்து ஜெபத்தில் இணைந்திருங்கள். யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

சென்ற முறை அப்பத் தட்டு வரிசையில் வந்தபோது, ஒருவர் விளிம்பைக்கூடத் தொடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். பிறகு கேட்டேன். "எனக்குத் தகுதியில்லை ஐயா" என்றார். யாருக்குத்தான் இருக்கிறது? தகுதியின்றிப் புசிப்பதைக் குறித்து எச்சரிக்கும் 1 கொரிந்தியர் 11இல் அப்போஸ்தலன் பவுல் கடிந்துகொண்டது, ஏழை பசித்திருக்கத் தாங்கள் முந்திக்கொண்டு தின்று வெறித்திருந்தவர்களை. 28ஆம் வசனத்தைக் கவனியுங்கள்: தன்னைச் சோதித்தறிந்தபின் புசிக்கவே சொல்கிறார், எழுந்து போகச் சொல்லவில்லை. பாவத்துக்காக நொந்து வருகிறவருக்காகவே அந்தப் பந்தி. விடமாட்டேன் என்று பாவத்தை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு மறுகையைப் பாத்திரத்துக்கு நீட்டுவதுதான் பயப்பட வேண்டிய காரியம்.

மனந்திரும்புதலுக்குக் கண்ணீர் மட்டும் போதாது. மத்தேயு 5:23, 24இன்படி காணிக்கையை வைத்துவிட்டுப் போய், நம்மேல் குறை உள்ள சகோதரனோடு முதலில் ஒப்புரவாக வேண்டும். இந்தக் குழுவிலேயே ஒருவர் செய்திக்கு மற்றவர் பதில் போடாமல் மாதக்கணக்காக இருப்பவர்கள் உண்டு. பெயர் சொல்லவில்லை; சனிக்கிழமை இரவுக்குள் பேசிவிடுங்கள்.

தனியாகப் பேசி ஜெபிக்க விரும்புவோர் சனிக்கிழமை மாலை என்னை ஆலயத்தில் சந்திக்கலாம். ஞாயிறன்று 15 நிமிடம் முன்னதாகவே வாருங்கள்.