தண்ணீர் திடீரென்று நூலாக விழுந்தால்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வரை நன்றாக வந்த தண்ணீர் இன்று நூலாக விழுகிறது, பிரஷர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டச் சொல்கிறார்கள், மாட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், பொறு. குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருந்தால் பம்ப் அந்த அடைப்பை எடுக்காது. அடைப்புக்கு முன்னால் இருக்கும் ஹோஸையும் மூட்டுகளையும்தான் அழுத்தும். இத்தனை நாள் ஒழுங்காக வந்த தண்ணீர் ஒரே நாளில் குறைந்தது என்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. முதலில் அதைத் தேடு.

உன் வீட்டுக்கு மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறதா, தெருக்குழாயிலிருந்து நேராக வருகிறதா, ஏற்கெனவே பம்ப் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. அதனால் மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குப் பொருந்தாததைத் தாண்டிப் போ.

எதையும் கழற்றும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வா. சமையலறை, கை கழுவும் தொட்டி, ஷவர், ஃபிளஷ் டேங்க், வெளியில் இருக்கும் குழாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் தனித்தனியாகத் திற. ஒரு குழாய் மட்டும் மெலிந்திருந்தால் கோளாறு அந்தக் குழாயின் கைக்கெட்டும் தூரத்தில்தான். ஒரு குளியலறை முழுக்க மெலிந்திருந்தால் அந்தக் கிளைக்குப் போகும் வால்வைப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் சுடுதண்ணீர் மட்டும் குறைந்திருந்தால் கீசர் பக்கம் போ. எல்லாமே குறைந்திருந்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அங்கேயும் அப்படித்தான் என்றால் உன் வீட்டில் எதையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார். அறுபது விநாடி ஆனால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர். ஒவ்வொன்றைச் சரிசெய்த பிறகும் மறுபடி அளந்து பார். "கொஞ்சம் தேவலை போல இருக்கிறது" என்ற கணக்கு உதவாது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிரஷர் வேறு, ஓட்டம் வேறு. குழாய் மூடியிருக்கும்போது, உள்ளே பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும் பிரஷர் முழுதாகவே காட்டும். தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகுதான் அடைப்பு வேலையைக் காட்டும். அதனால் குழாயில் திருகி மாட்டும் பிரஷர் கேஜ் ஒன்று கையில் இருப்பது நல்லது. பிரஷரை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள்; தெருக்குழாய்க்கும் பம்புக்கும் பத்து பார் வரை காட்டுவது போதும். மேல்தொட்டி வீட்டுக்கு ஒரு பார், இரண்டு பார் கேஜ்தான் சரி, பெரிய கேஜில் முள் அசைவதே தெரியாது. எல்லாவற்றையும் மூடிவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். பிறகு பக்கத்துக் குழாயைத் திற. முன்பு நன்றாக நின்ற முள் சட்டென்று அடிமட்டத்துக்கு இறங்கினால், தண்ணீர் வரும் வழியில் எங்கோ அடைப்பு. மூடியிருக்கும்போதே குறைவாகக் காட்டினால் சப்ளை, தொட்டி, பம்ப், பிரஷர் குறைக்கும் வால்வு, கசிவு இவற்றில் ஒன்று. தேட வேண்டிய இடம் இந்த ஒரு சோதனையிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

மேல்தொட்டிக்குக் கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார். தொட்டித் தண்ணீர் மட்டம் குழாய்க்கு நாலு மீட்டர் மேலே இருந்தால் 0.4 பார்தான், அதற்கு மேல் எதிர்பார்க்காதே. தொட்டியில் ஒரு மீட்டர் இறங்கினால் அதில் கால்பங்கு போய்விடும். மேல்மாடி ஷவரில் அது நன்றாகவே தெரியும்.

ஒரு குழாய் மட்டும் என்றால் முதலில் நுனியில் இருக்கும் ஏரேட்டரை, அதாவது வலை வைத்த சின்ன மூடியை, கழற்று. துணியைச் சுற்றிக் கையால் திருகினாலே பெரும்பாலும் வந்துவிடும். அது இல்லாமல் திறந்து பார், தண்ணீர் பாய்ந்தால் வேலை முடிந்தது. ஆனால் வலையில் சிக்கியதை உடனே கழுவிக் கொட்டிவிடாதே, உள்ளங்கையில் போட்டுப் பார். கெட்டியான வெள்ளைத் துகள் வினிகரில் போட்டதும் நுரைத்துக் கரைந்தால் அது உப்புப் படிவம். நுரைக்காத வெள்ளைச் செதில் என்றால் பிளாஸ்டிக். கீசருக்குள் பச்சைத்தண்ணீரை அடிக்குக் கொண்டுபோகும் குழல் உதிர்ந்தால் அப்படி வரும். செம்பழுப்புத் தகடு இரும்புக் குழாயின் துரு. கறுப்பு ரப்பர் துணுக்கு வாஷரிலிருந்தோ ஹோஸின் உள்பூச்சிலிருந்தோ வந்திருக்கும், அந்த ஹோஸை மாற்றிவிடு. கடுகைவிடச் சிறிய பொன்பழுப்பு மணிகள் வந்தால் தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குள் இருக்கும் வடிகட்டி உடைந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் திரும்ப அடைக்கும். மணல் என்றால் தெருவிலோ கிணற்றிலோ தொட்டியிலோ ஏதோ கலங்கியிருக்கிறது.

உப்புப் படிந்த ஏரேட்டரையும் ஷவர் தலையையும் வினிகரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். இரவு முழுக்கப் போட்டுவைத்தால் மேல்முலாம் கெடலாம்.

ஏரேட்டர் சுத்தமாக இருந்தால் அடியில் உள்ள ஆங்கிள் வால்வுக்கு வா, சுவரிலிருந்து ஹோஸுக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வு அது. அதை மூடி, ஹோஸின் மேல்முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டு, வால்வை மெதுவாகத் திற. வேகமாகப் பாய்ந்தால் கோளாறு குழாயின் கார்ட்ரிட்ஜில், அதாவது கைப்பிடிக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகத்தில். மெலிந்து வந்தால் வால்விலோ ஹோஸிலோ.

வால்வுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "திடீரென்று" வரும் கோளாறுகளில் நிறைய இங்கேதான். பால் வால்வின் கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. தொட்டி கழுவியவரோ வேறு வேலைக்கு வந்தவரோ முக்கால்வாசி திறந்து விட்டுப் போயிருக்கலாம். கேட் வால்வு அப்படி வெளியே காட்டிக்கொடுக்காது. உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று கீழேயே உட்கார்ந்துவிடும். கைச்சக்கரம் ஒழுங்காகச் சுற்றும், வால்வு திறந்துவிட்டது என்றுதான் நினைப்போம், தண்ணீர் மட்டும் வராது. எத்தனை சுற்று சுற்றினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால் அதைச் சந்தேகப்படு. பழைய திருகுக் குழாய்களில் வாஷரும் அப்படித்தான், தண்டு மேலே வந்தாலும் அது துவாரத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

சுடுதண்ணீர் மட்டும் குறைந்தால், கீசரின் உள்வழியில் இருக்கும் வால்வும் அதை ஒட்டிய பாதுகாப்பு வால்வும் உப்பால் அடைத்திருக்கலாம். கழற்றும் முன் மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஆறும் வரை காத்திரு. பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதன் வாயை ஒருபோதும் அடைத்துவிடாதே. தொட்டி ஒருமுறை முழுதாக வற்றி மறுபடி நிரம்பியிருந்தால் அடைப்பே இல்லாமல் காற்றும் பிடித்திருக்கலாம். விட்டுவிட்டு வரும், புஸ் என்று சத்தம் கேட்கும். அப்போது இருப்பதிலேயே தாழ்வான குழாயை முழுதாகத் திறந்து சில நிமிடம் ஓடவிடு. கீசரில் தண்ணீர் நிறைந்தது உறுதியாகும் வரை சுவிட்சைப் போடாதே, உள்ளே சூடேற்றும் காயில் கருகிவிடும்.

வீடு முழுக்கக் குறைந்து, மேல்தொட்டியும் இருந்தால், மேலே ஏறி மூடியைத் திறந்து பார். மிதவை வால்வு சிக்கித் தொட்டி நிரம்பாமலே இருக்கலாம். வெளிவாயில் வண்டலோ பாலித்தீன் துண்டோ ஒட்டியிருக்கலாம். மூடியைத் திறந்த உடனே கீழே ஓட்டம் கூடினால், தொட்டிக்குக் காற்று புகும் வழி அடைந்திருக்கிறது.

வடிகட்டி இருந்தால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிப் பார். தண்ணீர் திரும்பினால் கார்ட்ரிட்ஜ்தான் காரணம். மீட்டருக்கு முன்னால் இருக்கும் வலையும் அடைக்கும், ஆனால் முத்திரை வைத்த மீட்டரை நீ திறக்காதே.

கசிவா என்று பார்க்க, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டி எதுவும் நிரம்பிக்கொண்டிருக்காதபோது மீட்டரின் சின்னச் சக்கரத்தைக் கவனி. சுற்றினால் எங்கோ போகிறது. இப்போது வீட்டுக்குள் இருக்கும் முதன்மை வால்வை மூடு. இன்னும் சுற்றினால் மீட்டருக்கும் அந்த வால்வுக்கும் இடையில் மண்ணுக்குள் ஒழுகுகிறது, நின்றால் வீட்டுக்குள். ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் சாயத்தைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இரு. கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் அங்கே கசிகிறது. அது வீணாகும் தண்ணீர், வீடு முழுக்கப் பிரஷரை இறக்கும் அளவு இருக்காது. இறக்குவது என்றால் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ உடைந்த குழாய்தான். அதற்கு ஆளைக் கூப்பிடு.

ஏற்கெனவே பம்ப் இருந்து, தண்ணீர் ஏறி இறங்கி வந்தால், பம்பும் நொடிக்கொரு தரம் ஓடி நின்றால், பம்போடு இருக்கும் பிரஷர் டேங்கின் காற்றைப் பார். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை முழுதாக வடித்த பிறகுதான் காற்றை அளக்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கும் பிரஷருக்குச் சற்றே கீழே, 0.15 பார் குறைவாக இருக்கட்டும். 1.4 பாரில் தொடங்கும் பம்புக்கு 1.25. காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது.

பிரஷர் திடீரென்று கூடினாலும் சந்தோஷப்படாதே. குழாயை மூடும்போது சுவருக்குள் டமால் என்று அடிப்பது, மிதவை வால்வு நிற்காமல் ஒழுகுவது, கீசர் வால்வு சொட்டுவது எல்லாம் அதன் அடையாளம். பிரஷர் குறைக்கும் வால்வு பொதுவாக மூன்று பார் அளவில் வைக்கப்பட்டிருக்கும். எதையும் திறக்காமல், கீசரும் ஓடாமல் இரவில் கேஜ் முள் மெல்ல ஏறினால் அந்த வால்வுக்குள் தண்ணீரை அடைத்து நிறுத்தும் இருக்கை தேய்ந்துவிட்டது. கீசர் சூடாகும்போது மட்டும் ஏறினால், விரியும் தண்ணீருக்குப் போக இடமில்லை, விரிவு டேங்க் ஒன்று வேண்டும். 5.5 பாரைத் தாண்டினால் சரிசெய்வதைத் தள்ளிப்போடாதே.

தெருவில் குழாய் வேலை நடந்து தண்ணீர் கலங்கி வந்தால், ஏரேட்டர் இல்லாத வெளிக்குழாயை முதலில் திறந்து தெளியும் வரை விடு. அதுவரை சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்காதே, மணல் கீசருக்குள் போய்விடும்.

நாளைக் காலை மூன்று எண்கள் எழுதி அனுப்பு: சமையலறை வாளி நிரம்பும் விநாடி, வெளிக்குழாய் வாளி நிரம்பும் விநாடி, எல்லாம் மூடியிருக்கும்போது கேஜ் காட்டும் அளவு. ஏரேட்டரில் சிக்கியதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் படமும் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா