ஓசூரில் எஸ்எம்டி பயிற்சி லைன் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓசூர் சிப்காட், சிட்கோ வளாகங்களைச் சேர்ந்த சிறு மின்னணு உற்பத்தியாளர்கள், ஓசூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பொருள்: அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் எஸ்எம்டி பயிற்சி லைன் அமைத்தல் – தொழிற்பழகுநர் சேர்க்கையில் உள்ள தடைகளைக் களைதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எல்இடி டிரைவர், மின்மீட்டர், வாகன மின்னணுப் பாகங்கள் ஆகியவற்றுக்கு போர்டு அசெம்பிளி செய்து தரும் சிறு நிறுவனங்கள் எங்களுடையவை. சிறு பாகங்களைப் போர்டின் மேற்பரப்பிலேயே வைத்து மெஷினில் பற்றவைக்கும் எஸ்எம்டி லைனில்தான் இந்த வேலை நடக்கிறது. எங்களுக்கு ஆள் பஞ்சம் இல்லை. ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் வேலை கேட்டு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் சோல்டர் பேஸ்ட், அதாவது பற்றவைக்கும் உலோகப் பொடி கலந்த பசை, அதைப் போர்டில் அச்சிடத் தெரிந்தவர் அவர்களில் அரிது.

ஐடிஐயின் இரண்டாண்டு எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில், சிறு பாகங்களைக் கையால் பற்றவைக்கவும் எடுக்கவும் சொல்லித் தருகிறார்கள். குறையுள்ள போர்டைச் சரிசெய்யும் ரீவொர்க் மேசைக்கு அது போதும். லைனில் நடப்பது வேறு வேலை. ஸ்டென்சில் என்னும் துளையிட்ட தகட்டின் வழியே பேஸ்ட் அச்சிட்டு, பிக் அண்ட் பிளேஸ் மெஷினில் பாகங்களை வைத்து, ரீஃப்ளோ ஓவனில் உருக்கி, பிறகு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் தெரியவரும் குறைகளில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே பிறந்துவிடுகிறது.

பேஸ்ட் டப்பாவை 2 முதல் 10 டிகிரி குளிரில் வைக்கிறோம். வெளியே எடுத்தபின் மூடியைத் திறக்காமல் சுமார் 4 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். அவசரத்தில் குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் பேஸ்டில் இறங்கும். ஓவனில் அது தெறித்து, சோல்டர் பொடி உருண்டைகளாகப் போர்டெங்கும் சிதறும். ஸ்டென்சிலின் அடியை அவ்வப்போது துடைக்காவிட்டால் ஐசி கால்களுக்கு நடுவே சோல்டர் ஒட்டி பிரிட்ஜ் விழும். 1 மி.மீ. நீளமே உள்ள 0402 அளவு ரெசிஸ்டர் ஒரு முனையில் எழுந்து நிற்பதை டூம்ஸ்டோன் என்கிறோம். பாகத்தின் முனைகள் அமரும் இரண்டு பேடுகளிலும் பேஸ்ட் சம அளவில் விழாவிட்டாலோ, ஒரு பக்கம் முந்தி உருகினாலோ இது நடக்கும். புதிதாக வந்தவர் மெஷின் கோணலாக வைத்துவிட்டது என்று, அதற்குப் பாகங்களை ஊட்டும் ஃபீடரை மாற்றுவார். அடுத்த பத்து போர்டிலும் அதே குறை வரும். ஜாயின்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் ஓவன் சூட்டை ஏற்றுபவர்களும் உண்டு. ஈயமில்லாத பேஸ்ட் 217 டிகிரியில் உருகத் தொடங்குகிறது, உச்சம் 245 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். அதற்கு மேல் கண்மூடித்தனமாக ஏற்றினால் கனெக்டரின் பிளாஸ்டிக் இளகிவிடும்.

இந்தக் காரண காரியம் பிடிபட்டு ஒருவர் தனியாக லைனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதமாவது ஆகிறது. அதற்குள் வீணாகும் போர்டும் பாகமும் எங்கள் கணக்கில்தான். கற்றுத் தேறியதும், பேருந்தும் விடுதியும் தரும் பெரிய ஆலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மாவட்டத்துக்கே ஆள் தயாரித்துக் கொடுக்கும் செலவைப் பத்து இருபது பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் மட்டும் சுமக்க முடியாது.

எனவே ஓசூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு சிறு லைன் அமைத்துத் தர வேண்டுகிறோம். புது மெஷின் வேண்டியதில்லை, நல்ல நிலையில் உள்ள பழையது போதும். கையால் இயக்கும் ஸ்டென்சில் பிரிண்டர், இருபது முப்பது ஃபீடர் ஏற்கும் பிக் அண்ட் பிளேஸ், ஐந்து வெப்ப மண்டல ரீஃப்ளோ ஓவன், ஒரு மைக்ரோஸ்கோப், பேஸ்டுக்கென்று தனி குளிர்பெட்டி ஆகியவை தேவை. அறைக்கு ஏசி, த்ரீ ஃபேஸ் இணைப்பு, புகைபோக்கி, ஏர் கம்ப்ரெசர், முறையான எர்த்திங் வேண்டும். ஓவனின் கன்வேயருக்கு யுபிஎஸ் இல்லாமல் லைனைத் தொடங்கவே கூடாது. கரன்ட் போனால் உள்ளே இருக்கும் போர்டுகள் சூட்டிலேயே நின்று கருகிவிடும்.

மெஷினை வாங்கிவிட்டுப் பேஸ்டுக்குப் பணம் ஒதுக்காமல் விடுவதுதான் இத்தகைய கூடங்களைப் பூட்ட வைக்கிறது. குளிரில் வைத்தாலும் பேஸ்டின் ஆயுள் பொதுவாக ஆறு மாதம்தான். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கினால் பாதி குப்பைக்குப் போகும். காலாண்டுக்கு ஒருமுறை வாங்கும் அதிகாரத்தை நிலைய முதல்வருக்கே அளிக்கக் கோருகிறோம். காலாவதியான பேஸ்ட், கழித்த வெற்று போர்டு, மீதமான பாக ரீல் ஆகியவற்றை நாங்கள் விலையின்றித் தருகிறோம். அச்சிட்டுத் துடைத்துப் பழக அவை தாராளம்.

பயிற்றுநர்கள் முதலில் எங்கள் லைன்களில் நான்கு வாரம் நிற்கட்டும். எங்கள் சீனியர் ஆபரேட்டர்களை விருந்தினர் பயிற்றுநராக அழைக்கக் கல்வித் தகுதி விதியில் தளர்வு வேண்டும். அவர்களில் பலர் வேலையிலேயே கற்றவர்கள், சான்றிதழ் கேட்டால் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தேர்விலும் ஒரு மாற்றம் கோருகிறோம்: குறையுள்ள பத்து போர்டுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் வேலைக்கு எடுக்கும்போது பார்ப்பதும் அதைத்தான். செயல்முறை அட்டைகள் படங்களோடு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருந்தால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவும்.

ஐடிஐயிலும் தொழிற்சாலையிலுமாகக் கற்பிக்கும் இரட்டைப் பயிற்சி முறையில் ஒரு நிறுவனம் ஒரு வகுப்பு முழுவதையும் ஏற்பது எங்களுக்கு இயலாது. லைனைச் சுற்றி நான்கு பேருக்கு மேல் நின்றால் யாரும் எதையும் கற்பதில்லை. 24 பேர் கொண்ட வகுப்பை ஆறு நிறுவனங்களுக்குப் பிரித்து, ஒரே கூட்டு ஒப்பந்தமாகச் செய்ய வழிசெய்ய வேண்டும்.

தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. பழகுநரின் வங்கிக் கணக்குக்கே அது நேராக வருகிறது. இதில் நம்மூர் இனிஷியல்தான் வினை. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னும், ஆதாரில் முன்னும், வங்கியில் விரித்தும் எழுதியிருப்பதால் பதிவு நின்றுவிடுகிறது. ஆதார் இணைப்பு இல்லாத கணக்குக்குப் பணமும் வருவதில்லை. ஐடிஐ சேர்க்கை நாளிலேயே ஆதார், வங்கி அலுவலர்களை வைத்து முகாம் நடத்தினால் இது அங்கேயே தீரும்.

மாவட்டத் திறன் குழுவின் அடுத்த கூட்டத்தில் இம்மனுவை வைத்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். குழுவினர் வந்து பார்ப்பதானால் காலை ஷிஃப்ட் தொடங்கும் வேளை ஏற்றது. அப்போதுதான் பேஸ்ட் அச்சிட்டு, முதல் போர்டைச் சரிபார்க்கும் வேலை நடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு மின்னணு உற்பத்தியாளர்கள்

இடம்: ஓசூர்

நகல்: உதவி இயக்குநர், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், கிருஷ்ணகிரி.