‘போதை இசை’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் மைக் செட் வைத்துப் பிழைப்பவன் நான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் இறக்குவேன். உங்கள் நாளிதழைக் கடையில் காசு கொடுத்து வரவழைத்துத்தான் வாசிக்கிறேன். போன மாதம் ஒரு விடுதியில் கஞ்சாவோடு பிடிபட்ட இளைஞர்களைப் பற்றிய செய்தியில், கொட்டை எழுத்தில் ‘டிரான்ஸ் என்னும் போதை இசை’ என்று போட்டிருந்தீர்கள். கஞ்சா விற்றவனைப் பிடித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. இன்னும் நாலு பேரைச் சேர்த்துப் பிடித்திருந்தாலும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு வரியால் எங்களுக்கு ஒரு மண்டபம் கைவிட்டுப் போனது.

எங்களுக்கு என்றால், டிரான்ஸ் என்கிற மின்னணு நடன இசையைக் கேட்கிற ஒரு சின்னக் கூட்டம். முத்தியால்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் ஓர் அக்கா, லாஸ்பேட்டைக் கணக்கு வாத்தியார் ஒருவர், சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள், விழுப்புரத்திலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி, துணைக்கு வந்து வந்து தானும் தலையாட்டப் பழகிவிட்ட அவளுடைய அப்பா. அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கேயாவது கூடுவோம். நான் இரண்டு டாப், இரண்டு பேஸ் பாக்ஸ் கொண்டுபோவேன். வாத்தியார் லேப்டாப் கொண்டுவருவார். அக்கா தூக்குவாளி நிறையச் சுண்டல். சாயங்காலம் வரை கேட்போம், ஆட வருகிறவர்கள் ஆடுவார்கள், இருட்டுவதற்குள் வயரைச் சுருட்டிவிடுவோம். இந்தத் தடவை அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது மண்டபத்துக்காரர் உங்கள் பேப்பரை எடுத்துக் காட்டி, “டிரான்ஸா? வேணாம்ப்பா, நாளைக்கு போலீஸ் வந்தா நான்தானே பதில் சொல்லணும்” என்றார். அதே மண்டபத்தில் எத்தனையோ ரிசப்ஷனுக்கு நான் பாக்ஸ் போட்டிருக்கிறேன். பின்பக்கம் ஜெனரேட்டர் ஓரத்தில் எவ்வளவு காலி பாட்டில் கிடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை வைத்து யாரும் சினிமாப் பாட்டைப் போதைப் பாட்டு என்று எழுதுவதில்லை.

இந்த இசை என் காதில் விழுந்ததே தொழில் வழியாகத்தான். புதுச்சேரியில் ஒரு கடையில் எடுபிடியாக இருந்த காலத்தில், குருசுக்குப்பம் பக்கம் ஒரு விருந்தினர் இல்லத்துக்கு செட் இறக்கினோம். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், பாக்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிடி கொடுத்தார். பியானோ மட்டும் தனியாக, மழை விட்ட பிறகு தாழ்வாரத்தில் சொட்டுகிற மாதிரி வந்தது. எங்கள் முதலாளி, “பாட்டு எப்படா வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாட்டு வரவே இல்லை. அது ராபர்ட் மைல்ஸ் 1995ல் வெளியிட்ட ‘சில்ட்ரன்’ என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தப் பாட்டின் கதையை மண்டபத்துக்காரரிடம் சொல்ல ஆசை. அவர் நின்று கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள். மைல்ஸ் இத்தாலிக்காரர். அவருடைய அப்பா, போர் நடந்துகொண்டிருந்த பழைய யுகோஸ்லாவியாவுக்கு உதவிப் பணிக்காகப் போய், அங்கே சிதைந்துபோன குழந்தைகளின் புகைப்படங்களோடு ஊர் திரும்பினார். மகன் அவற்றைப் பார்த்துத்தான் இந்த மெட்டைப் போட்டார். இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாள்களில் இத்தாலியில் சனிக்கிழமை இரவு முழுக்க கிளப்பில் ஆடிவிட்டு, அதே வேகத்தில் காரை விரட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் செத்துப்போன பிள்ளைகள் ஏராளம். அதை ‘சனிக்கிழமை இரவுப் படுகொலை’ என்றே அங்கே சொன்னார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் கூட்டத்தின் சூட்டைத் தணித்து, நிதானமாக வண்டி ஓட்டிப் போகிற மனநிலையில் அனுப்பிவைக்க ஓர் இசை வேண்டும் என்று மைல்ஸ் நினைத்தார். ஐரோப்பாவில் பல நாடுகளில் அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. 2017ல் அவர் இறந்துவிட்டார்.

இப்போது சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரியிலிருந்து கடலூர் வருகிற சாலையை நினைத்துப் பாருங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம். ரிசப்ஷன் முடித்து மினி லாரியில் நான் திரும்பும் நேரமும் குடித்துவிட்டு பைக்கில் மூன்று பேராகப் பறக்கிறவர்கள் திரும்பும் நேரமும் ஒன்றுதான். விபத்துச் செய்தியை நீங்களும் மறுநாள் போடுகிறீர்கள். அப்படிச் சாகிற பிள்ளைகளுக்காக ஒருவர் மெட்டுப் போட்டாரே, அந்த வகை இசைக்குத்தான் உங்கள் நாளிதழ் ‘போதை’ என்று பெயர் வைத்திருக்கிறது.

சரி, பாட்டே வராத பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குரல் உள்ளவையும் நிறைய உண்டு, இல்லாதவையும் உண்டு. ஒன்று ஏழெட்டு நிமிடம் ஓடும். முதலில் வெறும் தாளம். அடுத்த பாட்டோடு டிஜே கலப்பதற்காக விட்ட இடம் அது. பிறகு பேஸ் சேரும், ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும். பாதி வழியில் தாளத்தை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். இதை ‘பிரேக்டவுன்’ என்போம். மெட்டு மட்டும் தனியாக நிற்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இனி தாங்காது என்கிற இடத்தில் தாளத்தைத் திரும்ப இறக்குவார்கள். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இதில் ஒரே குஷி. நிமிடத்துக்கு 138 அடி, ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, 4 அடி, பதினாறு பாருக்கு ஒருமுறை ஏதாவது மாறும், ஆக ஏறக்குறைய 28 விநாடிக்கு ஒரு மாற்றம் என்று கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு காட்டுவார். மருந்துக்கடை அக்காவுக்கு அதெல்லாம் பிடிக்காது. “கண்ண மூடிட்டுக் கேளு வாத்தியாரே” என்பார்.

மைக் செட்காரன் என்பதால் எனக்கு வேறு ஒன்று பிடிக்கும். ரோலண்ட் கம்பெனி 1990களில் கொண்டுவந்த ஜேபி-8000 என்ற கீபோர்டில் ‘சூப்பர்சா’ என்று ஒரு சத்தம் இருக்கிறது. ஏழு அலைகளை ஒரே சுருதியில் வைக்காமல், ஒன்றுக்கொன்று மயிரிழை விலக்கி ஒன்றாக ஒலிக்கவிடுவார்கள். அந்த விலகலில்தான் அதன் கனம். மட்டமான பாக்ஸில் அது ஓட்டைத் தகரம் மாதிரி இரைச்சலாகிவிடும். என்னுடைய டாப் ஸ்பீக்கர்களை மாற்றியதே இந்தச் சத்தத்துக்காகத்தான். கல்யாணக்காரர்கள் யாரும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததில்லை, அது வேறு விஷயம்.

இசை கேட்டு ஆள் தன்னை மறப்பது நம் ஊருக்குப் புதிதா? மாசியில் மயானக்கொள்ளை சமயத்தில் மேல்மலையனூர் பக்கம் போய் நின்று பாருங்கள். பம்பையும் உடுக்கையும் ஏற ஏற, சும்மா நின்றுகொண்டிருந்த பெண்கள் அருள் வந்து ஆடுவார்கள். பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டித்தான் ஆளை ஏற்றுவார். டிரான்ஸில் வேகம் ஒரே மாதிரிதான் ஓடும், தாளத்தைப் பறித்துவிட்டுத் திருப்பித் தருவதில்தான் ஏற்றம். வித்தை வேறு வேறு. பம்பையைப் போதை வாத்தியம் என்று உங்கள் நிருபர் எழுதுவாரா?

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் கரண்ட் கம்பங்கள் படுத்துவிட்டன. என்னிடம் ஜெனரேட்டர் இருந்ததால் தெருவே செல்போன் சார்ஜ் போட என் கடை வாசலுக்கு வந்தது. டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். சார்ஜ் ஏறும் வரை சும்மா உட்கார வேண்டுமே என்று சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக டிரான்ஸ் போட்டேன். கூரை போன வீட்டுக்காரர்கள், முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்துபோன ஒரு பெரியவர் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு ஆயா மட்டும், “ஏம்ப்பா, இதுல யாரும் பாட மாட்டாங்களா?” என்றார். மாட்டார்கள் ஆயா என்றேன். “நல்லது, எனக்கும் யார் பேச்சையும் கேக்கற தெம்பு இல்ல” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதெல்லாம் எங்கள் கூட்டத்துக்கு வியாழக்கிழமை ராத்திரிதான் திருவிழா. நெதர்லாந்து டிஜே ஆர்மின் வான் ப்யூரன் 2001ல் தொடங்கிய ‘எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்’ என்ற வானொலி நிகழ்ச்சி, நம் நேரத்துக்குக் கோடையில் பதினொன்றரைக்கும் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு பன்னிரண்டரைக்கும் வரும். சட்டம் படித்த மனிதர் அவர். வெளிவராத பாட்டைப் போட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள், பட்டியலில் ‘ஐடி’ என்று மட்டும் இருக்கும். அது யாருடையது என்று கண்டுபிடிக்கும் வரை எங்களுக்குத் தூக்கம் வராது. சிப்காட் பையன் நைட் ஷிஃப்ட் டீ இடைவேளையில் போன் பண்ணி, “அண்ணே, அந்த ரெண்டாவது மணி நேரத்துல வந்த ஐடி கிடைச்சுதா?” என்பான். அவன் என் வீட்டு விசேஷங்களுக்கு வந்து இலை எடுத்துப் போட்டவன். ‘டிரான்ஸ் ஃபேமிலி’ என்று உலகம் முழுக்க ரசிகர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது வெறும் டி-ஷர்ட் வாசகம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

2012 நவம்பரில் அபோவ் அண்ட் பியாண்ட் என்ற பிரிட்டன் டிரான்ஸ் குழுவினர் தங்களுடைய வானொலி நிகழ்ச்சியின் 450ஆவது பகுதியைப் பெங்களூரில் நேரடியாக நடத்தினார்கள். பஸ் பிடித்துப் போனோம். தொழில் புத்தி, உள்ளே நுழைந்ததும் முதலில் ஸ்பீக்கரை எப்படித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்திலிருந்து ஒரு ரசிகரை மேடைக்குக் கூப்பிட்டு, தாளம் திரும்ப இறங்குகிற அந்த நொடியில் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். யாரோ எவரோ, அவர் விரலுக்காக அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய இசை வெளியீட்டு நிறுவனத்தின் பெயர் அஞ்சுனாபீட்ஸ். கோவாவில் இருக்கும் நம் அஞ்சுனா கடற்கரையின் பெயர்தான் அது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரான்ஸ் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், முக்கியமாக ஃபிராங்க்ஃபர்ட்டில் வளர்ந்தது, உண்மை. கோவாவில் கிளைத்த வகை தனி. ஆனால் மும்பையில் இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982லேயே டிபி-303 என்ற பேஸ் கருவி, டிஆர்-808 என்ற தாளக் கருவி முதலான ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு போட்டார். அன்று சீந்துவாரில்லை. 2010ல் அது மறுபடி வெளிவந்தபோது ஐரோப்பாக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். 2004ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது வாசித்தவரும் டியெஸ்டோ என்ற டிரான்ஸ் டிஜேதான். ஒலிம்பிக் மைதானத்துக்குப் பொருந்திய இசை நம் ஊர் மண்டபத்துக்குப் பொருந்தாதா?

டிரான்ஸ் விருந்துகளில் போதைப்பொருள் புழங்குவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விடிய விடிய, கதவைச் சாத்திக்கொண்டு, ஆயிரக்கணக்கில் டிக்கெட் போட்டு நடத்துகிற இடங்களில் அது நடக்கிறது. சாராயம் விற்பதற்காகவே இசை போடுகிற இடங்களும் உண்டு. அங்கே காவல்துறை போகட்டும். எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் இடம் கொடுத்தால், அந்த மாதிரி இடங்களுக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கே வருவார்கள் என்பது என் நம்பிக்கை.

ஆகவே கேட்பது இரண்டு. உங்களிடம்: இனி இப்படிச் செய்தி வந்தால் பிடிபட்ட பொருளின் பெயரைப் போடுங்கள், இசையின் பெயரை விட்டுவிடுங்கள். அதிகாரிகளிடம்: பிரான்சில் 1982ல் தொடங்கிய ஜூன் 21 இசை நாளைப் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். அன்று கடற்கரைச் சாலையிலோ, இல்லை கடலூர் சில்வர் பீச்சிலோ மாலை ஆறு முதல் ஒன்பது வரை எங்களுக்கு ஓரிடம் ஒதுக்குங்கள். டிக்கெட் கிடையாது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதும், இடத்தின் எல்லையில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதும் எனக்கு மனப்பாடம், சோறு போடுகிற தொழில் ஆயிற்றே. பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், ஆட்கள் எல்லாம் என் செலவு, வாடகை வேண்டாம். ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும் யாராவது போட்டுக் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
மைக் செட் நிலையம் நடத்தும் வாசகன்,
கடலூர் முதுநகர்.