புயல் எச்சரிக்கை: ஃபுளோரிடாவின் டாம்பா பகுதி உறுப்பினர்களின் கவனத்திற்கு
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் தேசிய சூறாவளி மையம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடும் வரைபடத்திலுள்ள கூம்பு, புயலின் மையம் செல்லக்கூடிய பாதையை மட்டுமே குறிக்கிறது. மழையும் கடல்நீர்ப் பெருக்கும் அதற்கு வெளியேயும் நெடுந்தூரம் பரவும். 2022 செப்டம்பரில் நம் பக்கம் வருமெனக் கணிக்கப்பட்ட இயன் புயல், தெற்கே விலகி ஃபோர்ட் மையர்ஸ் அருகே கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மக்களை வெளியேறச் சொல்வதற்காகப் பிரிக்கப்பட்ட வெளியேற்ற மண்டலங்கள் காற்றின் வேகத்தைக் கொண்டல்ல, கடல்நீர் உட்புகும் அபாயத்தைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே காற்றின் வேகத்தைக் காட்டும் புயலின் வகை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், உங்கள் முகவரிக்குரிய மண்டல எழுத்தை (A, B போன்றவை) கவுண்டி (மாவட்ட நிர்வாக) இணையதளத்தில் இன்றே அறிந்துகொள்ளவும். உத்தரவு வந்ததும் தாமதிக்காமல் புறப்படவும். பக்கத்து மாநிலமான ஜார்ஜியா வரை காரோட்ட வேண்டியதில்லை, மண்டலத்துக்கு வெளியே உறுதியாகக் கட்டப்பட்ட நண்பர் வீடு பெரும்பாலும் போதும். மொபைல் ஹோம்களில் (இடம் மாற்றக்கூடிய இலகு வீடுகளில்) வசிப்போர் எந்த மண்டலத்தினராயினும் வெளியேற வேண்டும்.